யமுனா வெளியே சென்றார்

இரண்டு பத்துக்கு வெளியே சென்றேனாம்.
இரண்டு பதினான்குக்குத் திரும்பிவிட்டேனாம்.
இரண்டு நாற்பதுக்கு மறுபடியும்.
போனில் வரிசையாகக் கிடக்கிறது,
நேற்று ராத்திரி மட்டும் பதினோரு தடவை.

சபாபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
விளக்கம் சொல்கிறார்.
பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கேரளத்து டவர்,
இந்தப் பக்கம் நம்மளது.
உன் போன் சும்மா இருப்பதில்லை,
அங்கேயும் இங்கேயும் போய் ஒட்டிக்கொள்கிறது.
நீ எல்லை தாண்டிவிட்டதாக நினைத்து
வீடு எல்லாவற்றையும் அணைக்கிறது.

அப்படியா சங்கதி.
அதனால்தான் ஃபேன் நின்று நின்று சுற்றியது.
வியர்த்து எழுந்து உட்கார்ந்தபோது
ஆளில்லாத கூடத்தில் தானாக விளக்கு எரிந்து
"வாங்க யமுனா" என்றது
யாரோ ஒருத்தியின் குரல்.

சனிக்கிழமைக்கு ஓர் அட்டைப்பெட்டியாக
இரண்டு வருஷமாய் வந்து சேர்ந்த வீடு இது.
பம்ப்செட் கம்பெனியில் நாள் முழுக்க
மற்றவர் சொல்கிறபடி ஆடிவிட்டு வருகிற மனுஷனுக்கு
சொன்னதைக் கேட்க பன்னிரண்டு பல்பு,
ஒரு கேட், நாலு திரைச்சீலை.
இருந்துவிட்டுப் போகட்டும்.
தண்ணி மோட்டாரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்,
தொட்டி நிறைந்தால் தானே வாயை மூடிக்கொள்கிறது.
தென்னை மட்டை அசைந்தால் வாசல் விளக்கு எரிவதையும்
பொறுத்துக்கொள்ளலாம்.
கணவாய்க் காற்று அடிக்கிற ஆனியில்
விடிய விடியக் கல்யாண வீடுதான்.

என்னை உலுக்கியது வேறே.
'யமுனா வெளியே சென்றார்.'
சென்றார்!
இருபத்திரண்டு வருஷத்தில் இந்தச் சுவர்களுக்குள்
எனக்கு ஒரு 'ர்' விழுந்தது இதுதான் முதல் தடவை.
வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.
மறுபடியும் படித்தேன்.

நாலு நிமிஷத்தில் என்ன செய்திருப்பேன்?
பள்ளத்தில் காலை நனைத்திருப்பேன், அவ்வளவுதான்.
ஆனால் மூன்று ஐந்திலிருந்து மூன்று ஐம்பத்திரண்டு வரை
ஒரே போக்காய்ப் போயிருக்கிறேன்.
நாற்பத்தேழு நிமிஷம்.
அந்நேரம் வேலந்தாவளம் சந்தையில்
பாவற்காய் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்.
லாரிக்காரர்கள் நடுவில் நின்று
சர்க்கரை கம்மியாய் ஒரு டீ குடித்தேனோ.
யாரோடாவது பேசினேனோ.
இதை நான் அவரிடம் கேட்கவில்லை.
அவரும் கேட்கவில்லை, அவருக்கு அது டவர்.

சரி பண்ணிவிட்டேன், வட்டத்தைப் பெரிசாக்கிட்டேன்
என்று காட்டினார்.
இரண்டு அரசாங்கம் கூடி இழுத்த கோட்டுக்கு மேலே
கட்டைவிரலால் ஒரு நீல வட்டம்.
பள்ளம், டவர், செக்போஸ்ட், சந்தை முனை
எல்லாம் இனிமேல் வீடுதான்.
"அப்போ அந்தக் கள்ளுக்கடையும்
நம்ம வீட்டுக்குள்ள வந்திருச்சுங்களா?"
அவர் சிரிக்கவில்லை.
செட்டிங்கை சேமித்துவிட்டு வேலைக்குப் போனார்.

இன்றைக்குப் போனை
என் தலையணைமேல் சார்ஜில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.
அதற்கு ஃபேன் சுற்றும்.
நாலு மணி வெயில் அதன்மேல் படாமல்
திரை தானாக இறங்கும்.
கம்பெனி கேன்டீனில் அவர் திறந்து பார்ப்பார்,
'யமுனா வீட்டில் இருக்கிறார்.'
பொய்யில்லை,
அது கற்றுக்கொண்ட யமுனா அங்கேதான் இருக்கிறாள்.

நான் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில்
ஜன்னலோரம்.
கையில் போன் இல்லாததால்
வெறும் விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல்
முந்தானையைச் சுருட்டிக்கொண்டு.
"எவிடேக்கா சேச்சி?" என்கிறார் கண்டக்டர்.
அதை யோசிக்காமலேயே ஏறிவிட்டேன்.
பின்னால் சில்லறைக்கு ஆள் நிற்கிறது.

"நாற்பத்தேழு நிமிஷத்துக்கு
எவ்வளவு தூரம் போகுமோ
அவ்வளவுக்கு ஒண்ணு குடுங்க."