பதினோராவது சுருள்

வார்டோவில் இறங்கியபோது இரவு பதினொன்றரை.
வெயில் கண்ணில் குத்தியது.
பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பெண்
வேலிக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்,
அவசரமே இல்லாமல்.

எவோராவில் எங்கள் வீட்டில்
ஜூலை வந்தால் சன்னல்களை அடைத்துவிடுவோம்.
சமையலறையில் நண்பகல் முழுக்க
இருட்டை வைத்துக் காப்பாற்றுவோம்,
தக்காளி கெடாமலிருக்க,
அப்பா அரை மணி நேரம் கண்ணயர.

இங்கே இருட்டு ஒரே ஓர் அறையில்தான் உண்டு.
நண்டுத் தொழிற்சாலையின் பழைய சலவை அறை.
தொழிலாளர்களின் துணி கழுவிய தொட்டியில்
நாங்கள் ஆறு பேர் படம் கழுவினோம், எட்டு வாரம்.
கதவிடுக்கில் மயிரிழை வெளிச்சம்;
கறுப்பு டேப் ஒட்டினோம்.
மறுநாள் ஆணி ஓட்டை வழியாக வந்தது.
அதையும் அடைத்தோம்.
சாவித்துவாரத்தில் டாக்னி
தன் சூயிங்கத்தை அப்பினாள்.

மீன் பிடிக்கிற ஊருக்குப் படம் பிடிக்க வந்தவள் நான்.
முதல் பத்துச் சுருளில்
சிவப்பு மரக்கிடங்கு, கடற்பறவை,
கயிறு, மறுபடி கடற்பறவை.
டாக்னி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"எங்கள் ஊரைத் தபால்தலை ஆக்கிவிட்டாய்."
அன்றிரவு தூங்கவில்லை.
எந்த இரவும் தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

போனில் அப்பா கேட்டார்,
"அங்கே இப்போது மணி என்ன?"
"எப்போதும் சாயங்காலம் நாலுதான்."
மோட்டார் சைக்கிளை விற்று
ஃபிலிம் வாங்கித் தந்தவர்.
பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாராம்;
வசதியாக இருக்கிறதாம்.

நான் தங்கிய வீட்டுக்காரி தூரிலுக்கு இரவு ஷிஃப்ட்.
அவள் மகன் யூஸ்தைனுக்கு எட்டு வயது.
தூங்கப் போ என்று சொல்ல ஆளில்லாததால்
அதிகாலை இரண்டு மணிக்குத் தனியாகப் பந்தாடுவான்.
வடக்கே தாழ்ந்து நின்ற சூரியன்
அவன் நிழலை இழுத்துச் சாலையைத் தாண்டி
எதிர்வீட்டுச் சுவரில் ஏற்றியிருந்தது.
அவன் உதைத்தால்
அடுத்த தெருவரை உதைத்தது நிழல்.
முப்பத்தாறு கட்டமும் அவனுக்கே.
எடுக்கும்போதே தெரிந்துவிட்டது,
இதற்குத்தான் வந்தேன் என்று.

சலவை அறையில், கும்மிருட்டில்,
விரல் நுனியால் தடவித் தடவி
அந்தச் சுருளை ரீலில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.
கதவு திறந்தது.

"பந்து இங்கே வந்ததா?"

வெளிச்சம் என் மடியில் கொட்டியது.
நான் போர்ச்சுகீசிய மொழியில் கத்தியதை
நல்லவேளை, அவன் புரிந்துகொள்ளவில்லை.

ஆனாலும் கழுவினேன். வீம்புதான்.
இருபது டிகிரி, எட்டரை நிமிடம்.
தொங்கவிட்டபோது முழுக்கக் கறுப்பு.
வெளிச்சம் அதிகம் பட்டால் ஃபிலிம் கறுத்துப்போகும்;
படித்திருந்தேன், நம்பியதில்லை.
ரீலின் உள்சுற்றில் ஒளிந்து தப்பிய
கடைசிக் கட்டத்தில் மட்டும்
ஒரு குதிகால், ஒரு கல்.

யூஸ்தைன் சன்னலில் வைத்துப் பார்த்தான்.
"நான் எங்கே?"
"எல்லாவற்றிலும் இருக்கிறாய். தெரியவில்லை."
யோசித்தான்.
"எங்கள் டிசம்பர் இப்படித்தான் இருக்கும்."
"அப்போது எப்படிப் பந்தாடுவாய்?"
"சத்தத்தைக் கேட்டு."

ஆறு கட்டம் வெட்டிக் கொடுத்தேன்.
காலுறைக்குள் செருகிக்கொண்டு ஓடினான்.
ஓடும்போது நிழல் முதலில் போனது.
கேமரா தோளில்தான் கிடந்தது. எடுக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா கேட்டார்,
"நல்லதாக ஏதாவது கிடைத்ததா?"
"ஒரு பையன் பந்தாடுகிறான்."
"எப்படி வந்திருக்கிறது?"
"வரவில்லை."
சற்று நேரம் அந்தப் பக்கம்
பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது.
"சரி, எப்படி ஆடுகிறான்?"
"இடது கால் பிரமாதம்" என்றேன்.