கேட் திறக்கும் வரை

ஆறு மணிக்குத்தான் பண்ணாரி செக்போஸ்ட் திறக்கும்.
அதுவரை திம்பம் ஏற வந்தவர்கள் எல்லாருக்கும்
இந்த பேக்கரி, இந்த டீ, நேற்றைய தேங்காய் பன்.

ராத்திரி மழை. செம்மண் இன்னும் ஊறிக் கிடக்கிறது.
அதன்மேல் நிற்கிறது
பெருந்துறை அருள்குமரனின் புது வண்டி.
எண்ணூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை.
அந்தியூர் சந்தையில் குதிரைக்குப் பல் பார்ப்பதுபோல
சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

டேங்க் அழகுங்க, கொப்பரையக் கவுத்தாப்பல.
பின்னாடி மட்கார்டுதான் சப்பை.
முன்னால பாத்தா எருமை,
பின்னால பாத்தா கன்னுக்குட்டி.

எம்பதுல கண்ணாடி நடுங்குதா?
சோமனூர் சென்னியப்பன் கேட்கிறார்.
நடுங்குதுங்ண்ணா. வர்றது லாரியா காரான்னு தெரியாது,
என்னமோ வருதுன்னு மட்டும் தெரியும்.
அது போதும் என்கிறார்,
முப்பத்தாறு தறிக்கு நடுவே காதைத் தொலைத்தவர்.

போர்வெல் வண்டி ஓட்டும் வையாபுரி
கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்.
ஸ்ட்ரோக் நீளம். அவசரமில்லாம இடிக்குது.
முந்நூறு அடியில கருங்கல் சிக்குனா இப்படித்தான்.
அதுசரி, தண்ணியில ஆறற என்ஜினுக்கு
என்னத்துக்குங்க இத்தனை ஃபின்னு?
அழகுக்குங்க.
அப்ப மூக்குத்தின்னு சொல்லுங்க.

உக்கடத்து ரிஸ்வானா ஒன்றும் சொல்லாமல்
ஏறி உட்கார்ந்தாள்.
இரண்டு குதிகாலும் தரையில்.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.
இருநூத்திப்பத்து கிலோன்னு யார் சொன்னது, என்றாள்.
இறங்கும்போது மட்டும்:
ஃபுட்பெக் ரொம்ப முன்னாடி.
வளைவுல வண்டிக்கு முந்தி உங்க பூட்ஸ் திரும்பிரும்.

வலது தொடைச் சூடு பற்றி ஒரு சண்டை.
காந்திபுரம் சிக்னலில் தோசை ஊற்றலாம் என்று ஒருத்தன்,
மார்கழிக்கு நல்லதுதானே என்று இன்னொருத்தன்.

நான் தள்ளி நின்று டீ குடித்தேன்.
தாளவாடியில் பங்காளி வீட்டுக் காரியம்.
என் வண்டி பன்னிரண்டு வருஷத்து மொபெட்,
அதற்கு யாரும் பல் பார்க்கவில்லை.

அவர்கள் பேசாத ஒன்று இருந்தது.
அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு
இடதுபக்கம் ஒற்றைக்காலில் நின்றது.
சைடு ஸ்டாண்டு.
கணபதியில், என் பட்டறையில் வளைத்தது.
நாளைக்கு முந்நூற்று நாற்பது.
கறுப்புப் பெயிண்டுக்கு அடியில்
மருதாசலத்தின் வெல்டிங், தையல் போட்டதுபோல்.
கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.
யார் வாயிலும் வராமல் நிற்பது ஒரு ருசி.

அப்போது வண்டி,
யாரும் தொடாமல்,
ஒரு விரல்கடை சாய்ந்தது.
ஏ, புடி, புடி!
நாலு கை. ஒரு கிளாஸ் உடைந்தது.
ஸ்டாண்டின் பாதம் சேற்றுக்குள் இறங்கியிருக்கிறது.
ஆட்டுக்குளம்பாட்டம் வெச்சிருக்கான் என்றார் சென்னியப்பன்.
இத்தனை காசு வாங்கிட்டு
இதுல போயி மிச்சம் புடிச்சிருக்கான் பாரு.

யார் அந்த அவன்?
டிராயிங்கில் நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்.
அறுபதாவது வேணுமுங்க என்று ஒருமுறை வாயெடுத்தேன்.
பீஸுக்குப் பதினோரு ரூபாய் கூடும் என்றார்கள்.
ஆர்டரே போய்விடுமோ என்று
அறுபதை விழுங்கிவிட்டு வந்தேன்.

பேக்கரிப் பையன் எங்கிருந்தோ
பூப்போட்ட டைல்ஸ் துண்டு ஒன்று கொண்டுவந்தான்.
இரண்டு லட்சத்து எண்பதாயிரம் அதன்மேல் நின்றது.

கேட் திறந்தது.
ஹெல்மெட்டுகள், உறுமல், புகை.
அருள்குமரன் குதிகாலால் ஸ்டாண்டைத் தட்டினான்.
டக்.
அந்த ஸ்பிரிங் எவ்வளவு சுத்தமாக ஏறுகிறது என்று
யாராவது சொல்லியிருக்கலாம்.

எல்லாரும் போனபின்
சேற்றில் இருந்த குழிக்குள் பெருவிரலை விட்டேன்.
ஒரு கணு ஆழம்.

டைல்ஸ் துண்டைத் துடைத்து
மொபெட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
இருபத்தேழு வளைவுக்கும் மேலே
எங்காவது நிறுத்தித்தான் ஆகவேண்டும் அவர்கள்.
திம்பத்திலும் ராத்திரி மழையாம்.