செட் ஆகல

குலசேகரத்தில் மணி ஒன்பது. மழை இப்போதுதான் விட்டது.
ஆய்வாலிக்கில் ஆறரை.
நூர்ஹான் மடிக்கணினியைத் தூக்கிச் சன்னல்பக்கம் திருப்புகிறாள்:
கடலில் பாதி முங்கிய சூரியன்.
"ஹோஜம், இதற்கும் செட் என்கிறார்களே, ஏன்?"

மணிக்கு முந்நூற்றைம்பது ரூபாய் வாங்குகிறவள் நான்.
எனக்கும் தெரியாது.
உங்கள் மொழியில் எப்படி என்று
கேள்வியை அவள் பக்கமே தள்ளினேன்.
பாத்மாக், என்றாள். முழுகுவது.
கப்பல் முழுகும், கடை முழுகும்,
அவள் அண்ணனின் எண்ணெய் வியாபாரம்
போன வருடம் இதே சொல்லில்தான் முழுகியது.
சூரியனுக்கு மட்டும்
விடிந்தால் யாரோ மறுபடி கடன் கொடுக்கிறார்கள்.

எங்களூரில் பொழுது அடையும் என்றேன்,
கோழி அடைகிற மாதிரி.
கோழி வரைந்து குறித்துக்கொண்டாள்.

அலாரம் வைப்பது, சாப்பாட்டு மேசை போடுவது,
கூடாரம் அடிப்பது,
ஆங்கிலத்தில் செட் வருகிற பாதி இடத்துக்கு
குர்மாக் என்று ஒன்று வைத்திருக்கிறாள்.
பகற்கனவையும் அதே சொல்லால்தான் கட்டுவார்களாம்,
கம்பு நட்டு, கயிறு இழுத்து.
நாங்கள் கனவைக் காண்பதோடு சரி.

அவளுக்குப் பல் கூடத்தில் வேலை.
வாய் வாயாக அச்செடுத்து மாவு ஊற்றி
இறுகக் காத்திருப்பாள்.
நீ செய்வதற்கு இங்கே பேரே பல் செட் என்றதும்
அரை நிமிடம் சிரித்தாள்,
கை வாயை மூடியிருந்தது.
டாகிம், என்றாள் பிறகு.
தேநீர்க் கோப்பை ஆறும் டாகிம், பந்தாடும் பதினொரு பேரும் டாகிம்.
இங்கேயும் அப்படித்தான்,
என் தம்பி விஜின் அவன் செட்டோடு
கிளப்பில் கேரம் ஆடிக்கொண்டிருக்கிறான்
என்று சொல்லிக்கொண்டே
போனோடு பின்பக்கம் போனேன்.

தார்ப்பாய்க்கு அடியில் ஒன்பது தட்டு.
காலையில் அவன் வெட்டிய பால், ஆசிட் விட்டு வைத்தது.
விரலால் அமுக்கிக் காட்டினேன்.
குழிந்து, மெல்ல எழுந்தது.
இதுவும் செட்.
"தயிரா?"
ரப்பர்.
அவர்கள் ஊரில் தயிர் உறைவதில்லை, பிடிக்கும்.
பிடிக்காமல் போனால்?
"கொட்டிவிட்டு வேறு பால் காய்ச்சுவோம்."
எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

"தமிழில் செட்டை வேறு எதற்குச் சொல்வீர்கள்?
ஒரு வாக்கியம், ஹோஜம்."

நாக்கில் தயாராக நின்றது வந்துவிட்டது:
எனக்கும் அவருக்கும் செட் ஆகல.
பதினாலு மாதமாக
பங்குச்சாமியிடம், தக்கலை வக்கீலிடம்,
ஆற்றூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்
சொல்லிச் சொல்லி வழவழத்த வாக்கியம்.
பலகையில் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் போட்டேன்.

வினை கடைசியில் வருகிற மொழிக்காரிகள் இருவரும்.
முடிகிறவரை காத்திருக்கத் தெரியும்.
முடிந்த பின்னும் அவள் காத்திருந்தாள்.

"எழுவாய் எங்கே?
யார், எதை, செட் ஆக்கவில்லை?"

ஓட்டிலிருந்து வாளியில் சொட்டுகிறது.
இந்த வாக்கியத்துக்கு எழுவாய் கிடையாது என்றேன்.
"பிழையா?"
இல்லை. வசதி.

அவள் சன்னலில் இப்போது இருட்டு.
விளக்கைப் போட எழுந்தவள்
போடாமலே உட்கார்ந்து
வீட்டுப்பாடத்தைத் தட்டச்சினாள், பத்து வாக்கியம்.
கான்கிரீட் செட் ஆனது. சூரியன் செட் ஆனது.
எலும்பு செட் ஆனது, டாக்டர் நல்லவர்.
எட்டாவதில் செட்டுக்குப் பின்னால் சின்னதாக ஓர் அவுட் சேர்த்து,
புறப்படுதல் என்ற பொருளில்:
என் ஆசிரியை அதிகாலையில் புறப்பட்டாள்.

எழுவாய் முதலிலேயே நிற்கிறது,
முழு உயரத்துக்கு.
முற்றுப்புள்ளி மட்டும் விட்டுப்போயிருந்தது.
அதையும் நான் வைக்கவில்லை.