முக்காற்புள்ளி

மொன்றியலில், ஜான்-தலோன் தெருவில்,
மருந்துக்கடைக்கும் கிரேக்கரின் இனிப்புக்கடைக்கும் நடுவே
பழைய வீடியோ கேம் விற்கும் கடை எங்களுடையது.
எங்களுடையது என்றால் தனாசிஸுடையது.
அடுக்குவது மட்டும் நான்.

அடுக்குவது லேசான வேலை இல்லை.
உப்புக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்
(பெட்டியில் வேறு மொழி; தமிழ்ப் பெயர் நான் வைத்தது).
முதலில் வந்தது உப்புக்கோட்டை.
பிறகு இரண்டு. பிறகு மூன்று.
நாலாவதற்கு ரோம எண் போட்டார்கள்,
கௌரவம் வந்துவிட்டதாம்.
ஐந்தைக் காணோம்.
அடுத்ததன் பெயர் உப்புக்கோட்டை பூஜ்யம்,
எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்த கதை.
ஏழரை என்று நல்லவேளை எவனும் வைக்கவில்லை.
வைத்திருந்தால் நம் சனம்
எள்ளெண்ணெயோடுதான் கடைக்குள் வந்திருக்கும்.
போன வருடம் வந்ததற்கு மறுபடியும் வெறும் உப்புக்கோட்டை.
எண் இல்லை, வால் இல்லை,
இதற்கு முன் ஒன்றுமே நடக்காதது போல.
இரண்டாம் கல்யாணத்துக்கு அடித்த
அழைப்பிதழ் போல.

பெப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தேழு.
ஆஸ்பத்திரி இரவு வேலை முடிந்த கண்களோடு
ஜெயகௌரி அக்கா உள்ளே வந்தார்.
நாலாவதைத் தூக்கிப் பார்த்தார்.
"இதென்ன தம்பி, ஐவி?
சேலைன் ஏத்திற விளையாட்டோ?"
பிறகு குரலைத் தாழ்த்தி,
"ரெண்டாம் பாகம் வேணும்.
ஆனா ரெண்டு எண்டு எழுதியிருக்கக் கூடாது."

கதவடியில் ஒரு பெடியன்
கண்ணாடியில் உறைந்ததை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வீட்டில ரெண்டு அகரன்.
அவருக்கொரு அகரன், எனக்கொரு அகரன்.
போன ஆவணியில ஒரு வீடாயிட்டம்.
அவற்ற மகனுக்குப் பதினொண்டு, இவனுக்கு ஒன்பது.
ஆரோ பகிடிக்குத் தொடங்கினது,
இப்ப பள்ளிக்கூட பஸ்காரனும்
இவனை அகரன் டூ எண்டுறான்.
ரெண்டு போட்ட சட்டை போடுறானில்லை.
ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லுறானில்லை."

நான் அலமாரியைப் பார்த்தேன்.
எந்த முதல் பெட்டியிலும் ஒன்று என்று எழுதியிருக்காது.
இரண்டாவது வந்து இறங்கிய அன்றுதான்
அது முதலாவது ஆகிறது.
எந்தச் சோழனும்
தன்னை முதலாம் என்று அழைத்துக்கொண்டிருக்க மாட்டான்.
நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை
ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்பார்களாம்.
நான் கண்டதில்லை, கேள்விதான்.
அப்படியென்றால் அந்தப் பதினொரு வயதுக்காரன்,
போன ஆவணி வரை வெறும் அகரன்,
ஒரே ராத்திரியில் அகரன் வன்.
அவனை யாராவது கேட்டார்களா?

பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
இரண்டாவதையே மறுபதிப்பில் எண்ணைக் கழற்றிவிட்டு
உப்புக்கோட்டை: நீர் திரும்பும் நேரம்
என்று விற்ற பெட்டி.
அதே கோட்டை, அதே ஆட்டம்.
பதினான்கு டாலர், மூலையில் ஒரு கீறல்.

பெடியன் வந்து பெட்டியைப் பார்த்தான்.
எண்ணைத் தேடினான். முதுகிலும் தேடினான்.
"இந்த ரெண்டு புள்ளி என்ன?"
"பேர் முடியேல்ல, இன்னும் இருக்கு எண்டு அர்த்தம்."
தமிழில் அதற்கு முக்காற்புள்ளி என்று பெயர்.
கண்ணுக்கு இரண்டு, கணக்குக்கு முக்கால்.
அதை அவனுக்குச் சொல்லவில்லை.
சொன்னால் திரும்பவும் எண் வந்துவிடும்.

வாடிக்கையாளர் அட்டை நீட்டினேன்.
அகரன் என்று எழுதினான்.
இரண்டு புள்ளி வைத்தான்.
பேனா மூடியைக் கடித்தபடி நின்றான்.
"பஸ் வருது, கெதியா வா" என்றார் அக்கா.

அட்டை அப்படியே தகர டப்பாவில் கிடக்கிறது.
பிழை என்று நினைத்து
தனாசிஸ் அந்தப் புள்ளிகளை அழிக்கப் போனார்.
விடுங்கள் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பெரியவன் தனியாக வந்தான்.
தொப்பியெல்லாம் பனி.
"ஒண்டு எண்டு போடாத
முதலாவது இருக்கா?"

எல்லா முதலாவதும் அப்படித்தான் என்றேன்.
நம்பவில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.