கோட்டின் பாதி

பதினெட்டு வருடம் பொய்ப்பல் செய்தவள் நான்.
மெழுகு, சாந்து, பீங்கான்.
நாக்கு நுனிக்கு மட்டும் தெரிகிற மேடுகளை
பூதக்கண்ணாடி வைத்துத் தேய்த்துச் சம்பளம் வாங்கியவள்.
அதனால்தான் கிசோ பள்ளத்தாக்குக்கு வந்த முதல் நாள்
மரம்தானே என்று நினைத்தேன்.

மூன்று வாரம் மரமே கண்ணில் காட்டவில்லை.
கல், தண்ணீர், உளியின் முதுகு.
கறுத்த நீர் நகக்கண்ணில் ஏறி
மத்தியானச் சோற்றில் இரும்பு ருசித்தது.
உளியில் என் முகம் தெரிந்த அன்று
மூக்குக்குக் கீழே கோணலாக இருந்தது.
இன்னும் தட்டையாகவில்லை, என்றார் நிஷிவாக்கி.
உளியைத்தான் சொன்னார்.

ரம்பம், இழைப்புளி,
எல்லாம் தன்னை நோக்கி இழுக்க வேண்டியவை.
வயிற்றுக்கு நேராக வருகிறது கூர்மை.
நம்பித்தான் இழுக்கிறோம்.

ஜனவரியில் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள்.
ஓர் உத்தரம், நடுவில் ஓர் இணைப்பு,
ஆளுக்குப் பாதி.
எனக்கு விழுந்தவன் குராமொச்சி:
லிஃப்ட் பழுதுபார்த்தவன், இடக்கையன்,
மண்ணெண்ணெய் அடுப்பைத் தன் மேசைப் பக்கம்
தினமும் ஒரு சாண் நகர்த்துகிறவன்.
டிசம்பர் முதல் நாங்கள் பேசுவதில்லை.

பேசாமலே கோடு போட்டோம்.
மூங்கில் குச்சி, கறுப்பு மை.
மூலைமட்டம் ஒன்றுதான் இருந்தது;
கையில் தராமல் மேசைமேல் வைத்து
எடுத்துக்கொண்டோம்.

பன்னிரண்டு நாள்.
அவன் ரம்பம் நின்றால்
என் காது அந்தப் பக்கம் போய்விடும்.
ஹினோக்கி வாசனை
மஃப்ளரில், ரயிலில், தலையணை உறையில்.
ஒருநாள் அவன் வெட்டுவாயை எட்டிப் பார்த்தேன்.
சுத்தமாக இருந்தது. எரிச்சலாக இருந்தது.

சேர்க்கும் நாள்
பாதிக்குள் பாதி வழுக்கிப் போனது.
நடுத்துளையில் ஆப்பை நான் பிடித்தேன்,
அவன் கொட்டாப்புளியால் தட்டினான்.
டொக். டொக்.
அடுத்த தட்டில் சத்தம் உயர்ந்து இறுக வேண்டும்.
பொத்தென்று போய்விட்டது ஆப்பு.
ஒரு பக்கம் முழுக்க
மயிரிழை வெளிச்சம்.

யார் வைத்த ஆப்பு இது
என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் கேட்டோம்.
ஐம்பது நாளில் அதுதான் முதல் பேச்சு.

நிஷிவாக்கி தரையிலிருந்து ஒரு சீவலை எடுத்தார்.
இடுக்கில் விட்டார், போனது.
மடித்து விட்டார், போனது.
இன்னொரு மடிப்பில் நின்றது.
கோட்டில் பாதி, என்றார்.
அறுக்கும்போது கோட்டை என்ன செய்தீர்கள்?

முழுக்க எடுத்துவிடுவேன், என்றேன்.
பல்லில் கோட்டை விட்டுவைத்தால்
கடி உயர்ந்து தாடை வலிக்கும்.
நட்டநடுவில் அறுப்பேன், என்றான் அவன்.
தளத்துக்கு மேலோ கீழோ நிற்கிற லிஃப்டில்
யாருக்காவது கால் தடுக்கும்.

இரண்டு பேரும் சரி.
கேட்டுக்கொள்ளவில்லையா, என்றார் அவர்,
பதிலுக்கு நிற்காமல் டீ போடப் போனார்.

இரண்டு முழம் வெட்டித் தள்ளிவிட்டு
மறுபடி ஆரம்பித்தோம்.
"கோட்டை?" என்றான்.
"பாதி" என்றேன்.
அவ்வளவுதான் பேச்சு.
அடுப்பு அவன் பக்கமே இருந்தது.
அந்த இணைப்பு இறுகியது, மதிப்பெண் வந்தது,
அதை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாது.

வெட்டித் தள்ளியது என் அறையில், ஜன்னலோரம்,
செருப்பு காயவைக்கும் பலகையாக.
ஜூன் மழை மூன்று வாரம் விடாமல் பெய்தது.
நேற்று விரலை வைத்துப் பார்த்தேன்.
வெளிச்சத்தைக் காணோம். நகம்கூட நுழையவில்லை.
ஆப்பை உருவப் பார்த்தேன், வரவில்லை.

குராமொச்சிக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
நவம்பரில் திறந்துகொள்ளும்,
என்று பதில் வந்தது.