பத்தி 27, உட்பிரிவு இ

பெயரட்டையில் என்னை 'ஏபி' என்று அச்சிட்டிருந்தார்கள்.
பிறப்புப் பத்திரத்தில் அது 'மகள்' என்பதன் சுருக்கம்,
அப்பா பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோட்டோடு நிற்பது.
மூன்று நாளாய் அவைத்தலைவர்
"மிஸ் ஏபி, உங்களுக்கு இரண்டு நிமிடம்" என்கிறார்,
யாருடைய மகள் என்று கேட்காமலே.

ஜாலான் அம்பாங், ஓட்டலின் பதினோராம் மாடி.
வெளியே முப்பத்திரண்டு, உள்ளே பதினெட்டு டிகிரி.
புவி சூடாவதைப் பேச
எல்லோரும் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறோம்.

"குறைந்த கரி உமிழும் வழிகள் [அணுமின் உட்பட]."
இரண்டே சொல், சுற்றிலும் சதுர வேலி.
வேலியை எடுக்கத்தான் வந்திருக்கிறோம்
அக்ராவிலிருந்து அபெனா, கூச்சிங்கிலிருந்து உன்யாங்,
காஜாங் உலைக்கூடத்திலிருந்து நான்.
முப்பதைத் தாண்டியவர் யாருமில்லை.

விரல்நுனி அளவு எரிபொருள் வில்லை, ஒரு டன் நிலக்கரி
என்று எண்களை அடுக்கினேன்.
நல்ல எண்கள். விடிய விடிய சரிபார்த்தவை.
எதிர்வரிசையில் ஒரு தீவு நாட்டின் நெய்ஜோன்
பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள்.
"கடல் எங்கள் வாசல்வரை வந்துவிட்டது,
அதனால்தான் நானும் வந்தேன்.
ஆனால் உங்களுடைய இந்தச் சொல்
கடலுக்கு முன்பே வந்துவிட்டது.
வானத்திலிருந்து வெள்ளையாய்க் கொட்டியதைப்
பிள்ளைகள் அள்ளி விளையாடினார்கள்."

குண்டு வேறு, மின்சாரம் வேறு.
ஐந்து வரியில் சொல்லிவிடுவேன்,
பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியது.
ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கை
நானே அணைத்தேன்.

உலைக்குள்ளும் அப்படித்தான்.
பாய்ந்து வரும் நியூட்ரான் பெரும்பாலும் சும்மா கடந்துபோகும்.
தண்ணீரில் இடறி இடறி வேகம் இழந்ததுதான்
அணுக்கருவைத் தொடும்.

இரவு இரண்டே முக்கால். மழை விட்டிருந்தது.
மாமாக் கடையில் நெய்ஜோனும் நானும்.
மஸ்ஜித் ஜாமெக் பக்கம் ஆறு ஏறிவிட்டதாம்,
தே தாரிக் ஆற்றுகிறவர் சொன்னார்,
"இப்பல்லாம் வருசத்துக்கு நாலு தடவை."
பிறகு அட்டையைப் பார்த்து, "என்ன வேலைம்மா?"
"அடைப்புக்குறி எடுக்கிற வேலை அண்ணே."
"எடுத்தாச்சா?"
"இல்ல."

நெய்ஜோன் என் இடுப்பைக் காட்டினாள்.
உலைக்கூடத்தில் மாட்டிய கதிர்மானி வில்லை,
கழற்ற மறந்து பேச்சுவார்த்தைக்கே வந்திருக்கிறது.
"இப்போது என்ன காட்டுகிறது?"
"இது காட்டாது. மாதக் கடைசியில் அனுப்புவோம்.
எவ்வளவு பட்டோம் என்று எழுதி வரும்."
உள்ளங்கையில் வாங்கி
நெடுநேரம் வைத்திருந்தாள்.
"எங்களுக்கு யாரும் எழுதவில்லை."
மீதி ரொட்டி சானாயை, பருப்புக் குழம்போடு,
என் பக்கம் தள்ளினாள்.

காலை ஒன்பதுக்கு மறுபடி பத்தி 27.
உரையில் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும்.
எண் இல்லாமல் அதை எழுத
இன்னும் வரவில்லை எனக்கு.