நாலு மீட்டர்

மட்டோராவில் என்னை ‘கேட்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.
இறைச்சிக் கூடத்தில், பெட்ரோல் பங்கில்,
என் கல்யாணத்தில்கூட ஒருவன்
மைக்கைப் பிடித்து அப்படித்தான் சொன்னான்.
திறந்தது நான். நுழைந்தவன் லாக்கி மெக்ராஸ்டி.

அன்று அவனுக்குப் பத்தொன்பது வயது,
முதுகில் பதினைந்தாம் எண், எழுபத்தெட்டுக் கிலோ.
உறைபனி விலகாத மைதானம்,
மிதித்தால் புல் அப்பளமாய் நொறுங்கும்.
பந்தை ஒரு கையில் ரொட்டிப் பொட்டலம்போல் வைத்துக்கொண்டு
நேரே என்னிடம் வந்தான்.
கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்று
சொல்லித்தந்திருந்தார்கள். இடுப்பைத்தான் பார்த்தேன்.
இடுப்பு வலப்பக்கம் போனது.
அவன் போகவில்லை.

கட்டிப்பிடித்த கைகளுக்குள்
அவன் மூச்சின் ஆவி மட்டும் இருந்தது.

பேப்பரில் படம் வந்தது:
அவன் கோட்டைத் தாண்டுகிறான்,
பின்னால் மங்கலாக, முழங்காலில் ஒருவன்.
அதை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தேன்.
இரண்டே வருஷம், கருப்பு ஜெர்சி போட்டுவிடுவான் என்றார்கள்.
நானும் சொன்னேன், எல்லோரையும்விடச் சத்தமாக.
யோசித்துப் பாருங்கள்,
அவன் உலகத்துக்கே பெரியவனானால்
நான் விழுந்ததும் சரித்திரம்.
இல்லாவிட்டால் வெறுமனே விழுந்தது.

முதலில் முழங்கால்.
பிறகு டனீடினில் ஒரு கோச், உடம்பு போதாது என்றார்.
முட்டை, சோறு, இரும்பு.
தொண்ணூற்றொரு கிலோவில் பன்னிரண்டாம் எண்.
ஜப்பானில் ஒரு தொழிற்சாலை அணிக்கு இரண்டு பருவம்.
நூற்றாறு கிலோவில் ஆறாம் எண்.
எடை ஏற ஏற முதுகில் எண் இறங்கிக்கொண்டே வந்தது.
ஒரு முறை டிவியில் பார்த்தேன்:
ஆட்குவியலின் அடியிலிருந்து கடைசி ஆளாக எழுந்தான்,
காது மடங்கி வீங்கியிருந்தது,
வர்ணனையாளர் அவன் பெயரைத் தப்பாகச் சொன்னார்.

இந்த வருஷம் ஊருக்குத் திரும்பிவிட்டான்.
மாமனாரோடு சேர்ந்து
பண்ணைகளுக்கு வேலிக் கம்பியும் கேட்டும் விற்கிறான்.
சிரிக்காதீர்கள்.

நான் இப்போது கோட்டோரம் கொடி பிடிப்பவன்.
சனிக்கிழமை, டோகனூயி மைதானம், சாய்வாக மழை.
எழுபத்தேழாவது நிமிஷம் பந்து அவனிடம் வந்தது,
எனக்கு மூன்றடி தள்ளி.
எதிரே ஒரே ஒரு பையன். பத்தொன்பது இருக்கும்,
குளிரில் உதடு நீலம்.
அவனைத் தாண்டி ஒரு வயலே திறந்து கிடந்தது.
லாக்கியின் இடக்கால் சேற்றில் ஊன்றியதைப் பார்த்தேன்.
குதிகால் சற்றே தூக்கியது.
என் வயிறு வலப்பக்கம் போனது.

அவன் எங்கும் போகவில்லை.
தோளைத் தாழ்த்தி, நேரே அந்தப் பையன்மேல்.
ஈரச் சாக்கைச் சுவரில் அடித்த சத்தம்.
தள்ளிக்கொண்டே போய், விழுந்து, உடம்பைத் திருப்பி,
வீட்டுச் சாவியை மேஜையில் வைப்பதுபோல்
பந்தைத் தன் ஆட்கள் பக்கம் வைத்தான்.
அதற்கப்புறம் மூன்று குவியல்.
வேறொருவன் டிரை போட்டான்,
கைதட்டல் அந்த வேறொருவனுக்கு.

கிளப்பில் சீஸ் ரோல் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
“நீதானே கேட்?”
ஆமாம்.
“அன்றைக்கு எந்தப் பக்கம் போனேன்?”

பன்னிரண்டு வருஷமாக இடப்பக்கம் என்று சொல்லிவருகிறேன்.
இடப்பக்கம் என்றேன்.
குனிந்து தன் இடக்காலைப் பார்த்தான்,
யாரோ விட்டுப்போன பூட்ஸைப் பார்ப்பதுபோல.
“எனக்கு ஞாபகமே இல்லை.
எப்படிச் செய்தாய், எப்படிச் செய்தாய் என்பார்கள்.
செய்தபோது நான் அங்கே இல்லை, அவ்வளவுதான்.
இன்றைக்கு இருந்தேன்.
நாலு மீட்டர். பார்த்தாயா?”

பார்த்தேன். என் வாய் நிறைய ரொட்டி,
தலையை மட்டும் ஆட்டினேன்.

வெளியே வந்து கொடியைப் பிழிந்தேன்.
கார்களுக்கு நடுவில் அந்தப் பையன்,
விலாவில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு
போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்:
“மெக்ராஸ்டிதான், ஆமாம், அதே மெக்ராஸ்டி.
எட்டு மீட்டர் என்னைத் தூக்கிக்கொண்டு போனான்.”

கோட்டோரம் நின்று அளந்தவன் நான்.
திருத்தவில்லை.